உருளாத் தேர்கள்

கனடாவிலே குடியேறி வாழும் எமது பள்ளித் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு விடுமுறைக்கு இலுப்பைக்கடவைக்கு வந்திருந்தார். மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பெருந்தெருவை அண்டி, ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் இவ்வூரில் அவரும் நாமும் ஒரே வாங்கிலிருந்து அரிவரி படித்தவர்கள். இன்று அவர் ரொறன்ரோ நகரிலே பண்டகசாலையொன்றில் இரவு வேலை செய்கிறார். நாம் இங்கே பிள்ளைகளுக்கு நன்னூல் படிப்பிக்கிறோம். பேச்சிடையே அவர் தமது கைத்தொலைபேசியிலே சில படங்களைக் காட்டினார். வீட்டின் நிலவறையொன்றில் சுவர் முழுவதும் கண்ணாடித் தட்டுகள். அத்தட்டுகளில் பேட்மேன், சூப்பர்மேன் முதலான சாகச வீரர்களின் உருவப் பொம்மைகளும், அவ்வீரர்கள் திரைப்படங்களிலே ஓட்டும் வண்டிகளின் சிற்றுருக்களும் வரிசை வரிசையாக நின்றன. ஏறத்தாழ எல்லாமே முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பாதிக்கு மேற்பட்டவை அட்டைப் பெட்டியிலிருந்து ஒருபோதும் வெளியே எடுக்கப்படாதவை.

“ஏன் திறக்கவில்லை?” என்று கேட்டோம்.

“பெட்டியைத் திறந்தா விலை போயிடும் மச்சான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து. முதலில் நமக்குச் சிரிப்பே வந்தது. முதலாளித்துவ நாகரிகத்தின் கோமாளித்தனங்களுள் இதுவும் ஒன்றெனத் தள்ளிவிட எண்ணினோம். ஆயினும், சிரித்துத் தள்ளிவிடுவது திறனாய்வாகாது. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளின் கையிலே எதைக் கொடுக்கிறது, பின்னர் அதை யார் கையிலிருந்து யார் வாங்குகிறார், என்ன விலைக்கு, எதற்காக என்று வினவுவது இலக்கிய மாணவனுக்கும் உரிய பணியே. நம் பழைய நூல்கள் விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேசாதவை அல்ல.

நண்பர் வாயிலாக அறிந்த அச்சந்தையின் வழக்கங்களை முதலிற் சொல்லிவிடுவோம். பழைய பொம்மையை மதிப்பிடுவதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் உள்ளன. பொம்மையை அனுப்பினால் அதன் உருவத்தையும் அட்டையையும் பிளாஸ்டிக் மூடியையும் ஆராய்ந்து, 100க்கு இத்தனை புள்ளி என வழங்கி, அக்கிரிலிக் பேழையொன்றில் அடைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். (விடைத்தாள் திருத்தி மாளாத எமக்கு, விளையாட்டுப் பொம்மைக்கும் புள்ளியிடும் தொழில் ஒன்றிருப்பது ஆறுதலாகவே இருந்தது.) குழந்தையின் விரல் பட்ட தடம் ஒவ்வொன்றும் புள்ளியைக் குறைக்கும். ஒரு தடவையேனும் விளையாடப்பட்ட பொம்மை கீழ்ச்சாதியாகிவிடும்.

இதன் உச்சத்தைக் காட்ட ஒரு சான்று போதும். 1977இல் வெளிவந்த விண்வெளிப் போர்ப் படமான ‘ஸ்டார் வோர்ஸ்’ பெருவெற்றி பெற்றபோது, பொம்மை செய்யும் உரிமையைப் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டு நத்தார்ப் பண்டிகைக்குள் உருவங்களைச் செய்து முடிக்க இயலவில்லை. நிறுவனம் கலங்கவில்லை. உள்ளே பொம்மை எதுவுமில்லாத ஓர் அட்டையுறையை, பின்னர் பொம்மை தபாலில் வரும் என்னும் சான்றிதழோடு விற்றது. நத்தார் காலையிலே பரிசைப் பிரித்த குழந்தைகள் கையில் எஞ்சியது வாக்குறுதி. அந்த வெற்றுறைகளும் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பண்டங்களே. அதே நிறுவனம், முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெற் என்னும் உருவமொன்றை 1979இல் வெளியிட எண்ணியது. வேறொரு கம்பனியின் பொம்மையிலிருந்த ஏவுகணை தொண்டையிற் சிக்கிக் குழந்தையொன்று உயிரிழந்ததனால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. மாதிரிக்கெனச் செய்த சில உருவங்கள் மாத்திரம் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024இல் 5 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. எந்தக் குழந்தையின் கைக்கும் என்றுமே போகாத பொம்மைக்கு அந்த விலை.

பொருளியல் நூல்கள் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்று இரண்டாகப் பிரித்துக் கூறுவதை மாணவர்களுக்கு விளக்க நாம் அரிசியையும் சீலையையும் எடுத்துக்காட்டுவோம். அங்கே பரிவர்த்தனை மதிப்பு பயன்மதிப்பின் தோளில் ஏறி நிற்கிறது. இங்கே அது பயன்மதிப்பைத் தின்றுவிட்டு நிற்கிறது. விளையாடாமலிருத்தலே விளையாட்டுப் பொருளின் விலையாகி விட்டது.

நம் முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர்? குறுந்தொகையின் 61ஆம் பாட்டு தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை வண்டியொன்று அதிலே வருகிறது. சிறுவர்கள் அதன்மேல் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். தலைவனோடு கூடும் இன்பம் கிட்டாவிடினும் அவன் நட்பே இன்பம் என்று சொல்லவந்த தோழிக்கு அந்த வண்டி உவமையாகிறது. காதலின் நுட்பமொன்றை விளக்கப் புகுந்த புலவர், போகிற போக்கில் பொம்மையின் இலக்கணத்தையும் வகுத்துவிடுகிறார். பொம்மைத் தேர் உண்மைத் தேரன்று. அதனாற் பயணம் இல்லை, போர் இல்லை, உலா இல்லை. இழுக்கிற கைக்கும் உருளுகிற சக்கரத்துக்கும் இடையிலே பிறக்கும் மகிழ்ச்சி ஒன்றே அதன் பயன். கயிற்றை அறுத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் அந்த உவமையே செத்துவிடும்.

இப்படிச் சொல்வதால், சங்ககாலத்திலே எல்லாச் சிறுவர்க்கும் தேர் கிடைத்தது என்று எவரும் மயங்கவேண்டாம். பழம்பெருமை பேசும் அன்பர்கள் இவ்விடத்திலே நின்றுவிடுவார்கள், நாம் நிற்கவியலாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையிலே, உலரவைத்த தானியத்தைக் கொத்தவந்த கோழியைக் கல்லெடுத்தெறியாமல் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றியெறிகிறார்கள் பெண்கள். அக்குழை, பொற்சிலம்பணிந்த சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறித்துக் கிடக்கிறது. புகார் நகரின் கடல் வணிகம் கொண்டுவந்து குவித்த செல்வத்தின் காட்சி அது. வளத்தை வியந்து போற்றும் உரைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் இதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னுமொரு தேர் வருகிறது. அதனை நம்மவர் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

நெற்கூடுகள் ஓங்கி நிற்கும் வளமனை. அவ்வீட்டுச் சிறுவர் ஏறிச்செல்லாத நல்ல தேரொன்றை உருட்டித் திரிகிறார்கள். தளர்நடையால் வந்த களைப்புத் தீரச் செவிலித்தாயைத் தழுவிப் பால் குடித்து மெத்தையிலே உறங்கிவிடுகிறார்கள். அந்தத் தேருக்குப் புலவர் கொடுத்த அடைமொழியே நமது சிந்தனையைத் தூண்டுவது: தச்சரின் பிள்ளைகளும் ஆசைப்படும்படியாகச் செய்யப்பட்ட தேராம். தேரின் அழகைச் சிறப்பிக்கவே அவர் அப்படிச் சொன்னார் என்பதில் ஐயமில்லை. எந்நாளும் தேர் செய்யும் வீட்டிலே பிறந்து, மரச்சக்கரங்களிடையே தவழ்ந்த பிள்ளைகளையே அது கவர்ந்ததென்றால் அதன் வேலைப்பாடு எத்தகையது என்பது குறிப்பு. எனினும், சிறந்த கலைஞன் தான் கருதியதற்கும் மேலாகவே சொல்லிவிடுகிறான். செய்தவன் தச்சன், ஆசைப்பட்டவன் தச்சன் மகன், உருட்டியவன் நெற்கூட்டுக்காரன் மகன். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய நிலவுடைமைச் சமுதாயத்தின் முழு வரலாறும் ஒரு பொம்மைத் தேரின் மூன்று பக்கங்களில் நிற்கிறது. புலவர் வழக்குத் தொடுக்கவில்லை, பார்த்ததைச் சொன்னார். அந்தத் தச்சன் மகன் பட்டறை வாசலில் நின்று என்ன நினைத்தான் என்பதை எழுத, இலக்கியத்துக்கு நெடுங்காலம் சென்றது.

வடமொழியிலே சூத்திரகன் அதனை ஓரளவு எழுதினான். அவனது நாடகத்துக்கே ‘மிருச்சகடிகம்’, அதாவது மண்வண்டி, என்று பெயர். வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியை ஒருநாள் வைத்து விளையாடிவிட்டு, அது திருப்பி எடுத்துச் செல்லப்பட்டதும் அழுகிறான். பணிப்பெண் மண்ணாலே ஒரு வண்டி செய்து கொடுக்கிறாள். பிள்ளை அதனை ஏற்க மறுக்கிறான். கணிகையான வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியிலே நிரப்பி, இதனாற் பொன்வண்டி செய்துகொள் என்கிறாள். கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். ஆனால் அந்தக் கண்ணீருக்கு ஒரு பணக்காரியின் இரக்கமே தீர்வு. பிறேம்சந்தின் ‘ஈத்கா’ சிறுகதையிலே தீர்வு வேறு. திருவிழாவிலே மற்றப் பிள்ளைகள் மண்பொம்மைகள் வாங்க, மூன்று பைசாவோடு வந்த ஹமீது, அடுப்பிலே விரல் சுடும் பாட்டிக்கு இடுக்கி வாங்கிச் செல்கிறான். அவ்விடுக்கியையே துப்பாக்கியாகவும் இசைக்கருவியாகவும் சொல்லிக் காட்டித் தோழர்களின் பொம்மைகளை வென்றும் விடுகிறான். ஏழைச் சிறுவனின் கற்பனையே ஏழைச் சிறுவனின் பொம்மை என்று பிறேம்சந்த் காட்டினார். ஆயினும் அந்தப் பிள்ளை எட்டு வயதுக்குள் கிழவனாகிவிட்டானே என்னும் துயரம் நமக்கு இன்றும் தீரவில்லை.

இனி நண்பரின் கண்ணாடித் தட்டுக்கு மீள்வோம். அங்கே நிற்கும் வீரர்கள் யார்? சூப்பர்மேனை ஆக்கியவர்கள் ஜெரி சீகல், ஜோ சூஸ்ரர் என்னும் இரு இளைஞர்கள். குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்திலே கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தவர்கள். அவர்களது வீரன் முதன்முதலாக 1938இல் அச்சேறினான். அந்த இதழின் முகப்பிலே அவன் செய்வது, ஒரு மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் தூக்கி நொறுக்குவது! அவ்வாண்டே வந்த மற்றொரு கதையில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி சிக்கிக்கொண்டதைப் பொருட்படுத்தாத முதலாளியையும் அவனுடைய விருந்தினரையும் அதே சுரங்கத்துக்குள் அடைபடச் செய்து பாடம் படிப்பிக்கிறான். 1939இன் தொடக்கத்தில் வந்த கதையிலே பாழடைந்த சேரிக் குடியிருப்பைத் தன் கையால் இடித்துத் தள்ளி, அரசு அவ்விடத்தில் நல்ல வீடுகளைக் கட்டும்படி செய்கிறான். இந்தச் செய்தி நமக்கு வியப்பளித்தது. எழுந்த எழுச்சியிலே அவன் உழைப்பாளியின் பக்கமே நின்றிருக்கிறான். தனிவீரன் வந்து மீட்பான் என்ற கனவு மக்களின் கூட்டுச் செயலுக்கு மாற்றாகாது என்பது உண்மையே. ஆனாலும் பசித்தவன் காணும் கனவுக்கும், பசித்தவனுக்கு விற்கப்படும் கனவுக்கும் வேறுபாடுண்டு.

அந்த வேறுபாடு உண்டாகப் பலநாள் செல்லவில்லை. அவ்விளைஞர்கள் தங்கள் வீரனின் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு விற்ற விலை 130 டொலர். பல ஆண்டுகள் வறுமையிலும் வழக்கிலும் கழிந்தன. சூப்பர்மேன் திரைப்படம் பெருஞ்செலவில் எடுக்கப்படவிருந்த 1975இல், சீகல் பகிரங்கமாகக் குரலெழுப்பிய பின்னரே, நிறுவனம் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கவும் பெயர்களைப் பொறிக்கவும் இணங்கியது. பேட்மேனைப் படைப்பதிற் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கர் தம் பெயர் முறையாகப் பொறிக்கப்படாமலே 1974இல் இறந்தார். 2015இலேதான் அப்பெயர் சேர்க்கப்பட்டது. அந்த முதலிதழின் ஒரு பிரதியோ 2014இல் 32 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. படைத்தவனுக்கு 130, பாதுகாத்தவனுக்கு 32 இலட்சம். தச்சன் மகன் மீண்டும் வாசலிலே நிற்கிறான்.

வீரர்கள் திரைக்குச் சென்றபின் பொம்மையே படத்தை ஆளத் தொடங்கியது. 1997இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ரொபின்’ படத்தில் நடித்த கிறிஸ் ஓடனல், படத்தில் அன்றிப் பொம்மை விளம்பரத்தில் நடிப்பது போன்ற உணர்வே தமக்கு இருந்ததாகப் பின்னாளிற் கூறியிருக்கிறார். கதையிலிருந்து பொம்மை பிறந்த காலம் போய், பொம்மைக்காகக் கதை கட்டும் காலம் வந்தது என்பதற்கு அவரே சாட்சி. இதிலே ஆண்பிள்ளை பெண்பிள்ளைப் பாகுபாடும் உண்டு. 1964இல் அமெரிக்க ஹாஸ்புறோ நிறுவனம் போர்வீரன் உருவமொன்றை விற்கப் புறப்பட்டபோது, ‘பொம்மை’ என்றாற் பையன்கள் தொடமாட்டார்கள் என அஞ்சிச் ‘செயல் உருவம்’ என்று புதுப்பெயர் சூட்டியது. நாம் சிரிக்க நியாயமில்லை. நமது பிள்ளைத்தமிழிலும் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். ஆண்பிள்ளையின் சிற்றிற் பருவம் என்பதோ, பெண்பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை அவன் காலால் அழிக்க, அவர்கள் அழிக்காதே என்று கெஞ்சுவது!

நண்பரின் தட்டிலே நடுநாயகமாக விளங்கும் வண்டி, பிரித்தானியாவின் கோர்கி நிறுவனம் 1966இல் வெளியிட்ட பேட்மேன் வண்டி. (மாக்சிம் கோர்க்கியோடு உறவேதுமில்லை, இது வேல்ஸ் நாட்டு நாயினம் ஒன்றின் பெயர்.) உள்ளங்கையளவான கரிய வார்ப்பு உலோகம். முன்னே ஒரு வெட்டுத் தகடு நீளும். பின்னேயிருந்து சிறு ஏவுகணைகள் பாயும். சக்கரம் உருள உருளப் புகைபோக்கியிலே செந்தீநாக்கு ஒன்று உள்ளும் வெளியுமாக அசையும். உருட்டினால் மாத்திரமே அசையும் என்பதைக் கவனிக்க வேண்டும். இலட்சக்கணக்கிலே விற்பனையான வண்டி இது. இதைச் செய்த தாய் நிறுவனமான மெற்றோயை நிறுவிய பிலிப் உல்மன், நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜேர்மனியின் நூரெம்பேர்க்கை விட்டுத் தப்பி வந்த யூதர். அங்கே பொம்மைத் தொழிற்சாலை வைத்திருந்தவர், அகதியாக வந்து இங்கிலாந்திலே மீண்டும் பொம்மை செய்தார். வேல்ஸ் நாட்டு சுவான்சி நகரத் தொழிலாளர் கைகள் அந்த வண்டிகளைப் பூட்டின. 1983இல் மெற்றோய் முறிந்தது. உற்பத்தி கூலி குறைந்த கீழைத்தேயங்களைத் தேடி ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது.

கூலி குறைந்த தேசத்திலே என்ன நடந்தது என்பதற்கு 1993ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் சாட்சி. தாய்லாந்தின் நகோன் பதோம் மாகாணத்திலிருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. மேலைநாட்டுச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் பொம்மைகளைத் தைத்துக்கொண்டும் பூட்டிக்கொண்டும் இருந்த 188 பேர் இறந்தனர். மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். வாயில்கள் சில பூட்டிக்கிடந்தன. தீத்தடுப்பில்லாத இரும்புத் தூண்கள் வெப்பத்தில் வளைந்து கட்டடம் சரிந்தது. மாடிகளிலிருந்து குதித்தவர்களும் பலர். அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளும் தாய் தைத்த பொம்மைக்கு ஆசைப்பட்டிருக்கும். உருத்திரங்கண்ணனார் கண்ட தச்சன் மகன் அவ்விடத்திலே நம் நினைவுக்கு வராமற் போனால் நாம் படித்த தமிழுக்குப் பொருளில்லை. 100க்கு 85, 100க்கு 90 என்று புள்ளியிடுவோர், அட்டை மடிந்ததா, மூடி மஞ்சளித்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். செய்த விரலின் தடத்தைத் தேடுவாரில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவர் கோபிக்கவில்லை. “எனக்குப் பென்சன் இல்லை மச்சான். கையில கிடக்கிறது இதுதான்” என்றார். இரவு முழுவதும் பிறர் பண்டத்தைத் தூக்கியடுக்கும் தொழிலாளி ஒருவர், வங்கியையும் நம்பாது காணியையும் நம்பாது, திறக்காத பெட்டிகளிலே தன் முதுமையைச் சேமித்து வைத்திருக்கிறார். அதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிறகு அவர் வேறொன்றையும் சொன்னார். சொல்ல வேண்டியிருக்கவில்லை, நமக்கும் தெரிந்ததே.

தொண்ணூறுகளில் நாங்கள் சிறுவர். வன்னிக்குள் வரும் பொருள்கள்மீது பொருளாதாரத் தடை. மின்கலம்கூடத் தடைப்பட்ட பண்டம். கடைப் பொம்மை என்றொன்றை நாம் அறியோம். நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டைக் கம்பொன்றால் இணைத்து, கவர்த்தடியால் தள்ளினால் அது வண்டி. வளைவிலே திரும்பும்போது கோம்பை ஒன்று கழன்று வாய்க்காலுக்குள் ஓடும். அதைத் துரத்துவதே பாதி விளையாட்டு. மீன் ரின்னைத் தட்டிப் பெட்டியாக்கி, பழைய பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் வைத்து, சைக்கிள் கம்பியை அச்சாக்கினால் அது லொறி. அதிலே மணல் ஏற்றுவோம், இலுப்பைக் கொட்டை ஏற்றுவோம்; ஒருமுறை கோழிக்குஞ்சும் ஏற்றினோம். தச்சனும் நாமே, தச்சன் மகனும் நாமே. வறுமையைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மின்கலம் கிடைத்திருந்தால் நாமும் மின்கல வண்டியே ஓட்டியிருப்போம். பிரெஞ்சு விமரிசகர் றோலன் பார்த், 1957இல் வந்த நூலொன்றிலே, ஆயத்தமாக விற்கப்படும் பொம்மை குழந்தையை ஆக்குவோனாக விடாது பயனாளியாக மட்டுமே ஆக்குகிறது என்று குறைப்பட்டார். பாரிஸிலிருந்து பார்க்கையில் அது சரி. தடைக்குள் ஆக்குவோனாக இருப்பதை நாங்கள் விரும்பித் தேர்ந்ததில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. பாதை திறந்தது. நண்பரின் மாமனார் ஜேர்மனியிலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்த பயணப்பெட்டியிலே வௌவாற் சின்னம் பொறித்த கரிய பிளாஸ்டிக் வண்டி ஒன்று இருந்தது. பேட்மேன் என்பவன் யாரென்று எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் தெரியாது. படத்தை எவரும் பார்த்ததில்லை. வௌவாலுக்கு ஏன் வண்டி என்று விவாதித்தோம். ஆளுக்கு நூறடி தூரம் என்று முறைவைத்து உருட்டினோம். ஆறேழு ஆண்டுகள் அந்த ஒழுங்கையின் பிள்ளைகள் அனைவரும் உருட்டியிருப்பார்கள். மூத்தவர் வளர வளர இளையவர் கைக்கு அது மாறியது. 2008 நடுப்பகுதியில் போர் எங்கள் கரைக்கு வந்தது. ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி எழுந்து நடந்தது. அரிசி, காணி உறுதி, தறப்பாள், பிள்ளைகள். இவற்றிலே கைகள் நிறைந்துவிட்டன. வண்டி கட்டிலுக்கடியிலே கிடந்தது. முள்ளிவாய்க்காலையும் செட்டிகுளத்து முகாமையும் கடந்து மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கட்டிலும் இல்லை.

அந்த வண்டியைத்தான் நண்பர் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேடுகிறார். அதே சாயலில் ஐந்தாறு வாங்கிவிட்டாராம். ஒன்றிலே சின்னம் பெரிது, ஒன்றிலே கண்ணாடியின் நிறம் வேறு. எதுவும் அதுவன்று. தேடப்போன இடத்திலே மற்றவை சேர்ந்தன. மற்றவற்றுக்கு விலை இருப்பது தெரிந்தது. விலையுள்ளதைத் திறக்கக்கூடாது என்பதும் தெரிந்தது.

சேகரிப்பாளன் என்பவனை நாம் ஒரே சொல்லால் எறிந்துவிடக் கூடாது என்பதற்கு வால்ட்டர் பெஞ்சமின் என்னும் ஜேர்மானிய மார்க்சியத் திறனாய்வாளர் உதாரணம். 1926ஆம் ஆண்டுக் கடும்பனியில் மொஸ்கோவுக்குச் சென்றவர், தெருவணிகரிடமும் கடைகளிலும் குடியானவர் செய்த மரப்பொம்மைகளைத் தேடித் திரிந்தார். பொம்மை அரும்பொருளகத்திலே படமெடுப்பித்தார். அவற்றைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். சேகரிப்பவன் பொருளைச் சந்தையின் பயன்பாட்டுத் தளையிலிருந்து விடுவிக்கிறான் என்பது அவர் கருத்து. அவரும் நாசிகளிடமிருந்து தப்பியோடி, 1940இல் ஸ்பானிய எல்லையிலே உயிர்விட்டவர். இழந்து ஓடியவர்களுக்குப் பொருள் வெறும் பொருளன்று. எனினும் பெஞ்சமின் தேடியது, செய்தவனின் கையும் சமூகமும் தெரியும் பொம்மையை. முத்திரையிட்ட பேழைக்குள்ளிருப்பதோ விடுதலை பெற்ற பொருளன்று. தண்டனை கூடிய பொருள். நம் நண்பர் ஓர் அறையிலேயே இரண்டு மனிதராக வாழ்கிறார். ஒருவர் தொலைந்த வண்டியைத் தேடுகிறார். மற்றவர் எந்தப் பிள்ளையும் தொடாத வண்டிக்குக் காவலிருக்கிறார். முன்னவரே பின்னவருக்குப் பணம் கொடுக்கிறார் என்பதுதான் நம்மை வருத்துவது.

நுங்குக் கோம்பை வண்டிக்கும் மீன் ரின் லொறிக்கும் சேகரிப்பாளர் எவருமில்லை. கோம்பை ஒரு கிழமையிற் காய்ந்து சுருங்கும். ரின் ஒரு மாரியில் துருப்பிடிக்கும். சிந்துவெளி மக்களின் சுடுமண் வண்டிகள் நாலாயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்து அரும்பொருளகம் சேர்ந்தன. தடைக்காலத்து வன்னிப் பிள்ளைகளின் வண்டிகள் இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. நம் வகுப்பில் அவற்றைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று எழுதச் சொன்னால் நல்ல தமிழில் எழுதவும் செய்கிறார்கள். சென்ற தவணையில் அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தோம். ஒரு மாணவி, தன் அண்ணனுக்கு அம்மா செய்துகொடுத்த லொறியைத் தனக்குத் தொடத் தரமாட்டார்கள் என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

நண்பர் புறப்படுமுன் எமக்கு ஒரு கோர்கி வண்டியைத் தந்துவிட்டுச் சென்றார். அந்த 1966ஆம் ஆண்டு அச்சுத்தான். சாயம் உரிந்து, ஏவுகணைகள் இல்லாமல், பின்சக்கரம் ஒன்றில் ரயரும் இல்லாமல், கழிவு விலைக்குக் கிடைத்ததாம். மேசைமேல் வைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “சேர், இதை உருட்டிப் பாக்கலாமோ?” என்றான். மறுநாள் பாட்டாச் செருப்பில் வெட்டிய வளையம் ஒன்றோடு வந்து அச்சக்கரத்திலே மாட்டினான். இதனை நண்பருக்கு எழுதினோம். இருந்த கொஞ்ச விலையும் போயிற்று என்று மறுமொழி எழுதியிருந்தார். ஒரு படம் எடுத்து அனுப்பு என்றும் கேட்டிருந்தார். செருப்பு ரயர் சற்றுத் தடிப்பு. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. தீநாக்கு அசைகிறது.